விடுதி வாயில் தாண்டிய பின்

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



"இளைஞரும் ஓய்வுகாலமும்" என்னும் பொருள் பற்றிச் சில வார்த்தை பேசும்படி நமது செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். ஓய்வுகாலம் என்பது மிகப் பெரிய பொருள். அதிலே வாசிப்பு உண்டு, விளையாட்டு உண்டு, திருத்தொண்டு உண்டு, சும்மா இருத்தலும் உண்டு. சும்மா இருப்பதைப் பற்றிப் பேசும் தகுதி தாயுமான சுவாமிகளைப் போன்றாருக்கே உரியது. ஆகவே நான் அறிந்த ஒரு சிறு பகுதியை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகின்றேன். பாடசாலை விடுதியிலே ஐந்து, ஆறு, ஏழு வருஷம் ஒன்றாக உண்டு உறங்கிய பிள்ளைகள், உயர்தரப் பரீட்சையின் கடைசிப் பத்திரத்தை எழுதி முடித்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறுகின்றார்களே, அந்த நாள் முதல் பல்கலைக்கழகத்துக்கோ தொழிலுக்கோ போகும் நாள் வரையுள்ள மாதங்களைப் பற்றியே நான் பேசப் போகின்றேன். அம்மாதங்களில் அவர்கள் எப்படிக் கூடுகின்றார்கள், எங்கே பயணம் போகின்றார்கள், எந்தத் தொழிலைப் பழகுகின்றார்கள் என்பதே பொருள்.

"இதிலே பேச என்ன இருக்கிறது? பெடியன்கள் கொஞ்ச நாள் சுற்றித் திரிவார்கள், பிறகு படிக்கப் போவார்கள்" என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அந்தக் "கொஞ்ச நாள்" எவ்வளவு என்பதை முதலிலே சொல்லிவிடுகின்றேன். எங்கள் வகுப்பார் எழுதியது 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை. அது நடந்ததோ 2023ஆம் ஆண்டு ஜனவரியிலும் பெப்ரவரியிலும். பெறுபேறு வந்தது செப்டெம்பரில். அதன் பின் வெட்டுப்புள்ளி, பதிவு என்று பல்கலைக்கழக வாயிலை நான் மிதித்தபோது விடுதியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. எங்களுக்குப் பின் வந்தவர்களுக்கும் காலம் நேராக ஓடவில்லை. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளம் வந்து பரீட்சை இடையிலே நின்றது. 2025 நவம்பரில் "டித்வா" புயல் வந்து மறுபடியும் நின்றது. பதினெட்டு, பத்தொன்பது வயதிலே ஒரு முழு வருஷம் என்பது சிறு காலம் அன்று. அந்த வருஷத்திலே ஒருவன் எப்பக்கம் சாய்கின்றானோ அப்பக்கமே பெரும்பாலும் நின்றுவிடுகின்றான்.

நான் படித்தது குடாநாட்டிலுள்ள மிஷன் பாடசாலை ஒன்றிலே. என் வகுப்பிலே விடுதிப் பிள்ளைகள் பத்தொன்பது பேர். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், நெடுந்தீவு, மலைநாடு என்று பல இடத்தவர். தகப்பன் கனடாவிலே இருக்கப் பேரனார் வீட்டிலிருந்து வந்தவனும் உண்டு, தகப்பனே இல்லாதவனும் உண்டு. ஆனால் காலை ஐந்தரைக்கு அடிக்கும் மணி எல்லாருக்கும் ஒரே மணி. பாணும் பருப்பும் எல்லாருக்கும் ஒரே பாணும் பருப்பும்தான். அந்தப் பருப்பிலே நீரின் அளவும் எல்லாருக்கும் ஒன்றுதான். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது எரிவாயு கிடையாமல் விடுதிச் சமையல் விறகடுப்புக்கு மாறியது. அப்பொழுது விறகு சுமந்ததிலும் எவனுக்கும் விலக்கு இல்லை. வீட்டிலிருந்து பலகாரப் பெட்டி வந்தால் அது இரவு படிப்பு முடியுமுன் காலியாகிவிடும். எவன் வீட்டுப் பெட்டி என்பது மறு நாள் எவனுக்கும் நினைவிராது.

இந்தச் சமத்துவம் வானத்திலிருந்து விழுந்ததன்று. நமது நாட்டு விடுதிப் பாடசாலைகளின் கதை இரு நூற்றாண்டுக் கதை. அமெரிக்க மிஷனார் வட்டுக்கோட்டையிலே செமினரியைத் தொடங்கியது 1823ஆம் ஆண்டில். ஆசியாவிலேயே பெண்களுக்கென எழுந்த முதல் விடுதிப் பாடசாலை எனப் போற்றப்படும் உடுவில் பாடசாலை தொடங்கியது 1824இல். அக்காலத்திலே மாணாக்கரின் செலவை அமெரிக்காவிலுள்ள உபகாரிகள் ஏற்றபடியால், அவர்கள் குறித்த பெயரே பிள்ளைக்கு இடப்படுவதும் உண்டு. நமது கறல் விசுவநாதபிள்ளையின் பெயரிலுள்ள "கறல்" அப்படி வந்ததே. சோற்றுக்குப் பெயரை விற்றார்கள் என்று சிலர் ஏளனம் செய்வர். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பெயர் மாறியும் அவர் தமிழ் மாறவில்லை.

பின்னே சேர். பொன். இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திலே சைவப் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு கூடிய கல்லூரி நிறுவினார். மலாயாவிலே ரயில்வேயிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த நம்மவர்கள் தங்கள் பிள்ளைகளை யாழ்ப்பாணத்து விடுதிகளுக்கு அனுப்பிய காலம் பெரியோர் பலருக்குக் கேள்வியறிவாலேனும் தெரியும்.

ஆனால் ஒரே பந்தியிலே எல்லாரும் உண்பது என்பது எளிதாக வந்ததன்று. "சம ஆசனம், சம போசனம்" என்ற குரல் 1920களின் பிற்பகுதியிலே நமது பாடசாலைகளில் எழுந்தபோது எத்தனை எதிர்ப்பு இருந்தது என்பதை முதியவர்கள் தங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பார்கள். வாங்கில் ஒன்றாக இருப்பதற்கும், ஒரே மேசையிலே கை நனைப்பதற்கும் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டத்தின் பயனை நாங்கள் எவ்வித முயற்சியுமின்றி அனுபவித்தோம். விடுதி வாயிலைத் தாண்டிய முதல் வருஷத்திலேயே அது கை நழுவிப் போகக் கண்டேன் என்பதே நான் இன்று சொல்ல வந்தது. இப்பொழுது பந்தியைப் பிரிப்பது சாதி மாத்திரம் அன்று. அதைக் காசு பிரிக்கின்றது. அதுவும் ஒருவரும் ஒருவரையும் "நீ எழும்பு" என்று சொல்லாமலே பிரிக்கின்றது.

எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் ஒன்றுகூடல்களின் கணக்கைச் சொன்னால் விளங்கும்.

முதல் ஒன்றுகூடல் மார்ச் மாதத்திலே, "வடக்கின் பெருஞ்சமர்" நடந்த நாளிலே. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் 1904 முதல் நடந்து வரும் அந்தத் துடுப்பாட்டத்துக்கு எல்லாப் பாடசாலைப் பிள்ளைகளும் வருவார்கள்; ஆடுவது எவர் என்பது சிலருக்கு ஆட்டம் முடியும்வரை தெரியாது. விடுதியை விட்டு ஒரு மாதமே ஆனபடியால் பத்தொன்பது பேரில் பதினேழு பேர் வந்தோம். வெயிலிலே நின்றோம், குரல் போகக் கத்தினோம், மாலையில் ஆளுக்கொரு ஐஸ்கிறீம். அவ்வளவுதான் செலவு.

இரண்டாவது, சித்திரை வருஷப்பிறப்புக்குப் பின். பட்டினத்திலே குளிரூட்டிய சாப்பாட்டுக் கடை ஒன்றிலே என்று வட்ஸ்அப் குழுவிலே முடிவாயிற்று. ஆளுக்கு 3,500 ரூபா. வந்தவர் பதினொருவர். மூன்றாவது, வான் பிடித்து நுவரெலியாவுக்கு மூன்று நாட் பயணம். ஆளுக்கு 22,000 ரூபா என்று ஒருவன் கணக்குப் போட்டுக் குழுவிலே இட்டான். உடன்பட்டவர் அறுவர். மற்றவர்கள் மறுக்கவில்லை. "பார்ப்பம்" என்றார்கள். நமது ஊரிலே "பார்ப்பம்" என்ற சொல்லுக்கு "இல்லை" என்று பொருள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவனுக்கு அம்மாவுக்குச் சுகமில்லை, ஒருவனுக்குக் கோயிற் திருவிழா, ஒருவனுக்குப் பல்லுக்கொதி. ஏழு வருஷம் ஒன்றாகப் படுத்தெழும்பிய எங்களுக்கு எவனுடைய பல் எத்தகையது என்பது தெரியாதா? ஒருவருக்கும் காசில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்கவும் எவருக்கும் வாய் வரவில்லை. முல்லைத்தீவு நண்பன் ஒருவன் மாத்திரம் "பார்ப்பம்" என்றும் எழுதவில்லை. அவன் பேசாமலிருந்தான். சில நாளிலே குழுவைவிட்டு நீங்கினான்.

அந்த வானை ஒழுங்கு செய்தவனைக் குறை கூற நான் துணியேன். அவனுக்கு நண்பர்களோடு மலை பார்க்க ஆசை. ஆசையிலே குற்றமில்லை. எல்லாரும் ஏறக்கூடிய வண்டி எது என்று எவரும் முதலில் யோசிக்கவில்லை, அவ்வளவே. கொழும்பிலே வளர்ந்த பிள்ளைகள் விடுமுறையில் என்ன செய்கின்றார்கள் என்பதைக் கையடக்கத் தொலைபேசியிலே பார்த்து, அதுவே ஒன்றுகூடல் என்று எண்ணிக்கொண்டோம்.

நுவரெலியாப் பயணம் நடக்கவில்லை. அறுவருக்கு வான் பெரிது, கூலி கூடிற்று. அப்பொழுது மன்னார் நண்பன் ஒருவன், வைகாசியிலே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வருகின்றதே, அங்கே போவோம் என்றான். கடல்நீரிலே விளக்கெரியும் அந்தப் பொங்கலுக்கு வன்னியெங்குமிருந்து சனம் திரண்டு வரும். பரந்தன் வழியாகவும் புதுக்குடியிருப்பு வழியாகவும் பஸ்கள் நிறைந்து ஓடும். கோயிலுக்குப் போகிறேன் என்றால் எந்தத் தாயும் தடுப்பதில்லை. பஸ் கூலிக்கு மேல் செலவும் இல்லை. பதினாறு பேர் போனோம்.

குழுவைவிட்டு நீங்கிய நண்பனின் வீடு அங்கிருந்து சில மைல். அவனுக்கு அறிவிக்காமலே போய் வாசலில் நின்றோம். 2009இன் பின் செட்டிகுளம் முகாமிலிருந்து மீண்டு வந்து, வெறும் நிலத்திலே மறுபடியும் அடுப்பு மூட்டிய குடும்பம் அது. அவன் மாமனாரோடு கரைவலை இழுத்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தான். மறு கணமே அவன் அந்த வீட்டின் தலைவனாகிவிட்டான். எங்கே கை கால் கழுவுவது, எவன் எங்கே படுப்பது, எத்தனை மணிக்குப் பொங்கலுக்குப் புறப்படுவது என்று எல்லாம் அவனே கட்டளையிட்டான். அவன் தாயார் பதினாறு பேருக்கும் புட்டு அவித்தார். விருந்தினனாக வரக் காசில்லாத ஒருவன் விருந்திடுபவனாக நிமிர்ந்து நின்றதை அன்று கண்டோம். பட்டினத்துச் சாப்பாட்டுக் கடையிலே அவனுடைய 3,500 ரூபாவை நாங்கள் கட்டியிருந்தால் அவன் வந்திருப்பானா? வந்திருந்தாலும் அப்படி நிமிர்ந்து நின்றிருப்பானா?

அதன் பின் எங்கள் ஒன்றுகூடல்களுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. கடையிலே கூடுவதில்லை, முறை வைத்து ஒவ்வொருவன் ஊரிலே கூடுவது. மூன்று வருஷத்திலே எட்டு ஊர் பார்த்துவிட்டோம்.

பயணங்களைப் பற்றியும் இரண்டு சொல். நமது பிள்ளைகளுக்குப் பயணம் என்றால் தெற்கு நோக்கிய பயணம் என்றே எண்ணம். அதிலே ஆச்சரியமில்லை. 1990இலே நின்ற யாழ்ப்பாண ரயில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது 2014 ஒக்டோபரில். காங்கேசன்துறைக்கு வந்தது 2015 ஜனவரியில். ஒரு தலைமுறைக்கு அந்தத் தண்டவாளமே இல்லை. ஆகவே யாழ்தேவியிலே ஏறி யன்னலருகே இருப்பதே எங்களுக்கு ஒரு பெரும் பயணம். போகட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிவனொளிபாதமலை ஏறுங்கள், மார்கழிப் போயா முதல் வைகாசிப் போயா வரையுள்ள பருவத்திலே மடங்களும் தேநீர்க் கடைகளும் இருக்கும், இரவெல்லாம் ஏறுவோருக்குத் துணையும் இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்திலே ஏழு வருஷம் படித்த எங்களிலே நெடுந்தீவைக் கண்டிருந்தவன், அங்கே பிறந்த நண்பனைத் தவிர, ஒருவன்தானும் இல்லை! குறிகட்டுவானிலிருந்து படகிலே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பவளக்கல் அடுக்கிய வேலிகள், கட்டாக்காலிக் குதிரைகள், ஒல்லாந்தர் காலத்து இடிபாடுகள், ஆபிரிக்காவிலிருந்து வந்ததென்று சொல்லும் பெருக்கு மரம் எல்லாம் அங்கே உண்டு. நண்பன் வீட்டிலே கஞ்சியும் உண்டு. கடல் கொந்தளித்து மறு நாளும் அங்கேயே தங்க நேர்ந்ததைக் கணக்கில் சேர்த்தாலும் எங்கள் செலவு அந்த நுவரெலியாக் கணக்கில் பத்திலொன்று ஆகவில்லை.

அவ்வருஷம் எங்களில் இருவர் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் புறப்பட்ட பாதயாத்திரையிலே சேர்ந்தார்கள். முல்லைத்தீவு, திருக்கோணமலை, மட்டக்களப்பு என்று கீழ்க்கரையோரம் முழுவதும் நடந்து, உகந்தையிலிருந்து குமண, யால காடுகளுக்குள்ளே புகுந்து, ஒரு மாதத்துக்கு மேல் நடக்கும் யாத்திரை அது. கையிலே காசு வைத்திருந்தவனும் இல்லாதவனும் வழிநெடுகக் கோயில்களில் இட்ட அன்னத்தையே உண்டார்கள். ஒருவன் பக்தியாற் போனான். மற்றவன், உண்மையைச் சொன்னால், வீட்டிலே "பெறுபேறு எப்போ?" என்ற கேள்வியைக் கேட்க முடியாமற் போனான். இருவருமே கால் வெடித்துக் கறுத்துத் திரும்பினார்கள். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், சிங்கள ஊர் என்று எல்லா ஊரிலும் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள் அவர்கள். இந்நாட்டைப் பற்றி அவர்கள் இப்பொழுது பேசும்போது நான் வாய் மூடிக் கேட்கின்றேன்.

பெண்பிள்ளைகளின் காரியம் வேறு. என் சிற்றன்னையின் மகள் ஒருத்தி பெண்கள் விடுதியிலே படித்தவள். அவர்களுடைய ஒன்றுகூடல் நல்லூர்த் திருவிழாக் காலத்திலே, ஒரு மாலைப்பொழுது மாத்திரம். "ஆர் ஆர் போகினம்? எத்தனை மணிக்கு வருவியள்?" என்ற விசாரணை முடிந்து புறப்பட்டபோது ஆறு தாய்மாரும் கூடவே புறப்பட்டார்களாம். பிள்ளைகள் ஒரு பக்கமும் தாய்மார் ஒரு பக்கமும் மணலிலே இருந்து பேசியதில், இப்பொழுது தாய்மாருக்கென ஒரு தனி வட்ஸ்அப் குழு நடக்கின்றது. பிள்ளைகளின் குழுவைவிட அதுவே சுறுசுறுப்பானது என்று கேள்வி. சிரிக்கின்றீர்கள். ஆனால் அப்பிள்ளைகளிலே கொழும்புக்குத் தொழில் பழகப் போக எண்ணியவர்கள் நால்வர், போனவள் ஒருத்தி. மற்ற மூவருக்கும் பாதுகாப்பாகத் தங்க இடமில்லை என்பதே காரணம். திறமை இல்லை என்பதன்று.

இனித் தொழில் பழகுதலுக்கு வருகின்றேன். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் எண்ணம்.

முற்காலத்திலே புறக்டர் கந்தோரிலே இளைஞர்கள் சம்பளமின்றி உறுதி படி எடுத்துப் பழகினார்கள். பாடசாலை விட்டவன் அதே பாடசாலையிலே சின்ன வகுப்புக்கு ஆசிரியனானான். சுவாமி விபுலானந்தர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலே படித்து, பதினாறு வயதளவிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறிய பின், அங்கேயே படிப்பிக்கத் தொடங்கினார் என்பது நீங்கள் அறிந்தது. இப்பொழுது அதற்குப் பயிலுநர் பயிற்சி என்று பெயர். பெயர் எதுவானாலும் காரியம் ஒன்றுதான்: ஒரு தொழில் நடக்கும் இடத்திலே போய் நின்று, கண்ணாலும் கையாலும் படிப்பது.

எங்களில் ஒருவன் கொழும்பிலே ஒரு கணினி நிறுவனத்திலே ஆறு மாதம் பழகினான். சம்பளம் இல்லை, பஸ் காசும் இல்லை. வெள்ளவத்தையிலே மாமி வீடு இருந்தபடியால் தங்கினான், உண்டான், நன்றாகப் படித்தான். ஆறு மாதம் முடிய ஒரு நற்சான்றுக் கடிதமும் வந்தது. இன்று எந்த இடத்துக்கு விண்ணப்பித்தாலும் அந்தக் கடிதம் அவனுக்கு முன்னே போய் நிற்கின்றது. அவனைவிடக் கணிதத்திலே கூடிய புள்ளி பெற்ற மலைநாட்டு நண்பனுக்கு வெள்ளவத்தையிலே மாமி இல்லை. அவன் அந்த ஆறு மாதமும் ஊரிலே கடையொன்றில் மூட்டை அடுக்கினான். சம்பளமில்லாத பயிற்சி இலவசப் பயிற்சி என்று சிலர் எண்ணுகின்றார்கள். பொருளியல் படிக்கும் மாணவன் என்ற முறையிலே சொல்லுகின்றேன்: அது இலவசம் அன்று. அதற்கு மறைவான கட்டணம் ஒன்று உண்டு, அதைப் பழகுபவன் வீட்டார் கட்டுகின்றார்கள். கட்ட முடியாதவன் வாயிலிலே நிற்கின்றான். 1945இலே கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த இலவசக் கல்வியாலே பாடசாலைக் கதவு திறந்தது. அதற்கடுத்த இந்தக் கதவு இன்னும் மாமி வீட்டுத் திறப்பிலேயே திறக்கின்றது.

வேறொருவன் கிளிநொச்சி அறிவியல் நகரிலே 2016இல் திறக்கப்பட்ட ஜெர்மன் தொழிற்பயிற்சி நிலையத்திலே சேர்ந்தான். பல்கலைக்கழகப் புள்ளி இருந்தும் உருக்கொட்டுத் தொழிலுக்குப் போகின்றானே என்று உறவினர் முகஞ் சுழித்தார்கள். இன்று எங்கள் பத்தொன்பது பேரிலே முதலில் உழைக்கத் தொடங்கியவன் அவன். ஒருவன் மருந்துக் கடையிலே நின்று வைத்தியர்களின் கையெழுத்தை வாசிக்கப் பழகினான். பழந்தமிழ் ஏடு வாசிப்போருக்கும் அது எளிதன்று என்பான்.

நான் பட்டினத்திலே ஓர் இரும்புக் கடையிலே மூன்று மாதம் நின்றேன். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாவும் மத்தியானச் சாப்பாடும். ஆணியின் அளவு, குழாயின் அளவு, சீமெந்து விலை காலையொன்று மாலையொன்றாக மாறுவது, கடன் கொப்பியிலே எவர் பெயருக்கு நேரே எத்தனை நாள் பொறுப்பது என்று அங்கே படித்தேன். ஒரு நாள் முதலாளி, "தம்பி, கடைக்கு வாற ஆளின்ரை சட்டையைப் பாராதை, கையைப் பார். மேசன்மாரின்ரை கையிலை அளவு இருக்கும், அவையை ஏமாத்தேலாது" என்றார். பல்கலைக்கழகத்திலே கேள்வி நிரம்பல் என்ற பாடத்தை முதல் வருஷத்திலே எடுத்தபோது, கரும்பலகையிலே கீறிய கோட்டிலே எனக்கு அந்தக் கடன் கொப்பியே தெரிந்தது. அவர் எனக்குத் தந்தது தர்மம் அன்று. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை என்னிடம் வேலை வாங்கினார், கூலி தந்தார். ஆகவே நானும் தலை நிமிர்ந்து நின்றேன்.

முல்லைத்தீவு நண்பனை விட்டுவிட்டேன். பொங்கலுக்குப் போனோமே, அன்றிரவு அவன் தன் மாமனாரின் படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதை எங்களில் ஒருவன் பார்த்தான். அவனுடைய பெரியப்பாவுக்குப் பருத்தித்துறைப் பக்கத்திலே எஞ்சின் திருத்தும் பட்டறை இருந்தது. ஒரு வாரத்திலே பேசி முடித்து, தங்க இடமும் நாட்கூலியும் என்று அவனை அழைத்துக்கொண்டார்கள். இப்பொழுது அவன் ஊருக்குத் திரும்பித் தானே திருத்துகின்றான். குளிரூட்டிய கடையிலே பதினொருவராய்க் கூடியிருந்தால் அவனுடைய கைத்திறமையை எவர் கண்டிருப்பார்?

நமது முன்னோரை எண்ணிப் பாருங்கள். வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. அங்கே படித்த கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கடல் கடந்து சென்னைக்குப் போய், 1857இலே நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். தாமோதரம்பிள்ளை அங்கே "தினவர்த்தமானி" பத்திரிகையிலே வேலை பார்த்தார். பிற்காலத்திலே கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த கைக்கு, அந்தப் பத்திரிகைக் கந்தோரும் ஒரு பயிற்சிச்சாலையாயிற்று என்று நான் எண்ணுகின்றேன்.

1924இலே யாழ்ப்பாணக் கல்லூரியின் பழைய மாணவரான ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் மாணவர் கொங்கிரஸைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தைந்து அளவே. காந்தியடிகள் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தது அந்த இளைஞர்களின் அழைப்பின் பேரிலே. படிப்பு முடித்த பிள்ளைகள் கூடினால் கூட்டம் கும்மாளம்தான் என்று எண்ணும் பெரியோர் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். அவர்கள் எந்தச் சாப்பாட்டுக் கடையிலே கூடினார்கள் என்பது எனக்குத் தெரியாது. சம போசனம் பேசியவர்கள், காசில்லாதவன் வரமுடியாத இடத்திலே கூடியிருக்கமாட்டார்கள்.

பெரியோர்களே, இப்பொழுது உங்களிடம் ஒரு வேண்டுகோள். இம்மண்டபத்திலே கடை உள்ளவர்கள் இருக்கின்றீர்கள். கணக்காய்வாளர் கந்தோர், அச்சகம், மருந்துக் கடை, பட்டறை, தோட்டம், பாலர் பாடசாலை நடத்துபவர்கள் இருக்கின்றீர்கள். இவ்வருஷம் பரீட்சை எழுதி வீட்டிலிருக்கும் பிள்ளைகளிலே ஒருவரை, அல்லது இருவரை, மூன்று மாதம் ஏற்றுக்கொள்ளுங்கள். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் ஒரு சிறு நாட்கூலியும் கொடுங்கள். கூலி வேண்டாம், பழக விட்டாற் போதும் என்று பெற்றோர் சொன்னாலும் கொடுங்கள். சொந்தக்காரப் பிள்ளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொந்தக்காரப் பிள்ளை ஒருவரை எடுத்தால் மற்றவரை மன்றம் அனுப்பும் பிள்ளையாக எடுங்கள். முடிவிலே அந்தப் பிள்ளை என்ன வேலை செய்தது என்பதை அரைப் பக்கத்தில் எழுதி ஒப்பமிட்டுக் கொடுங்கள்.

தாய்மார்களிடம் வேறொன்று கேட்கின்றேன். யாழ்ப்பாணப் பட்டினத்திலோ கொழும்பிலோ வீட்டிலே ஓர் அறை ஒதுக்கக்கூடியவர்கள், தொழில் பழக வரும் பெண்பிள்ளை ஒருத்திக்கு மூன்று மாதம் அதைக் கொடுக்க முன்வரலாமா? மாமி இல்லாத பிள்ளைக்கு நீங்கள் மாமியாகலாம்.

இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சமே. அடுத்த ஒன்றுகூடலுக்கு இடம் குறிக்குமுன், குழுவிலே பேசாமலிருப்பவன் எவன் என்று பாருங்கள். அவன் ஊரைக் குறியுங்கள்.

இதற்குப் படிவம், குழு, உபகுழு எதுவும் இன்னும் அமைக்கவில்லை. அமைத்தால் அவை கூடுவதிலேயே மூன்று மாதமும் போய்விடும். வாயிலருகே உள்ள மேசையிலே ஒரு கொப்பி வைத்திருக்கின்றேன். தொழில் எது, ஊர் எது, எத்தனை பேர், எந்த மாதம் முதல் என்று நான்கு நிரல் கீறியிருக்கின்றது. முதல் வரியிலே அந்த இரும்புக் கடை முதலாளி தமது கையாலேயே "இரண்டு பேர், தை முதல்" என்று எழுதிவிட்டார். எழுதுகோல் கொப்பிக்குள்ளே இருக்கின்றது. கூட்டம் முடிந்து தேநீர் அருந்தப் போகுமுன் அந்தப் பக்கமாகப் போங்கள்.